தட்டினால் திறக்காத வீடு

நாங்கள் இருந்த அகதி விடுதி முன்பு நெஞ்சுநோய் ஆசுபத்திரியாக இருந்தது. ஜெர்மனியில் ஹனோவரிலிருந்து ரயிலேறி, பிறகு பஸ்ஸேறி, பஸ் திரும்புகிற கடைசி இடத்தில் இறங்கி நடந்தால் காட்டை ஒட்டி அந்தக் கட்டடம் நிற்கும். சயரோகக்காரர்களை அங்கே வைத்திருந்து, அவர்கள் செத்தும் பிழைத்தும் முடிந்த பிறகு பூட்டி வைத்திருந்தார்களாம். எண்பத்தைந்தில் பூட்டைத் திறந்து எங்களை விட்டார்கள். கிட்ட வரக்கூடாத ஆட்களை வைக்க இந்த ஊருக்கு வேறு இடம் தெரியாது போல என்று நான் வந்த அன்றே சொன்னேன். "உம்மட வாயாலதான் எங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்" என்றார் என் மனிசன்.

நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவுகள். பின்னேரமானால் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்களில் சூடு ஏறும். அப்போது டக், டக், டக் என்று ஒரு சத்தம் நடையின் ஒரு முனையில் தொடங்கி அறை அறையாக வரும். குழாய்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தென்ன? அந்தச் சத்தம் எங்கள் அறைக்கு வந்து, சற்று நின்று, அடுத்த அறைக்குப் போகும்வரை நான் கையில் எடுத்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்ததில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வருகிறவர் வேலிப் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "ஆர்?" என்று கேட்போம். அவர் இன்னார் என்று சொன்ன பிறகுதான் படலை திறக்கும். கதவைத் தட்டியவர்கள் துப்பாக்கியோடு வந்த ஆமிக்காரர்கள் மட்டுந்தான். அவர்களிடம் யார் என்று கேட்க ஒருவருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

இங்கே தட்டியது பொலிஸ். அவர்கள் எங்களைப் பிடிக்க வரவில்லை, காப்பாற்ற வந்தார்கள். இந்த ஊர்ப் பெடியள் சிலர் எங்கள் யன்னல்களுக்குக் கல்லெறிந்ததால் நகரசபை ஒரு பொலிஸ் காரை ஒழுங்கு செய்து, விடுதியைச் சுற்றிவர விட்டிருந்தது. சுற்றி முடிந்தால் உள்ளே வந்து கதவு கதவாகத் தட்டித் தலை எண்ணப் பார்ப்பார்கள், ஒரு கதவும் திறக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மஞ்சள் விளக்கோ நீல விளக்கோ, கார் முற்றத்தில் திரும்பும்போதே வீடு முழுவதும் அடங்கிவிடும். அடுப்பு அணையும், தண்ணீர்க் குழாய் மூடப்படும், குழந்தைகளின் வாயில் கை போகும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவு சனம் இருந்த வீட்டில் ஒரு மூச்சுக் கேட்காது. நானும் அதற்குள் நின்றவள்தான். ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போன நோயாளிகள் எழும்பி எங்கள் அறைகளில் நிற்பது போல இருக்கும்.

எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் அவளுடைய தமையனைக் கதவைத் தட்டித்தான் கொண்டுபோனார்கள். கதவைத் திறந்து விட்டவள் இவள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் அவளுக்குக் குடம் உடைந்தது. இன்னும் மாதம் முடியவில்லை. தண்ணீரோடு இரத்தமும் போனது. அவள் புருசன் அகதி விசாரணைக்குத் தெர்மின் என்கிற தவணை கிடைத்து விடியவே போயிருந்தான். என் மனிசன் பஸ் திரும்புகிற இடத்திலிருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார். அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, வழிகாட்டுவதற்கு அங்கேயே நின்றார். வெளியே பனிப்புகார் மூடிக் கிடந்தது. எதிரே நிற்கிற மரம் தெரியவில்லை. அவர் பெருவழியில் நிற்க, அம்புலன்ஸ்காரர்கள் காட்டுப் பாதையால் வந்துவிட்டார்கள்.

தங்கச்சியின் அறையில் இருந்த நான் யன்னலால் பார்த்தேன். முதலில் வந்தது பொலிஸ் கார். எங்கள் விலாசம் என்றால் பொலிஸ் முன்னால் போக வேண்டும் என்பது அங்கே ஒரு ஒழுங்கு. அம்புலன்ஸ் அதன் பின்னால் வந்தது. புகாரில் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் ஏறி இறங்கியது. வீடு அடங்கியது.

சப்பாத்துச் சத்தம் படியேறியது. முதல் கதவைத் தட்டினார்கள், பதில் இல்லை. அடுத்தது, அதிலும் இல்லை. கீழே யாரோ வெங்காயம் வதக்கிய மணம் நடை முழுக்க நின்றது, ஆனால் ஆள் சத்தம் இல்லை. தட்டுச் சத்தம் அந்தக் குழாய்ச் சத்தம் போலவே அறை அறையாக வந்தது. எங்கள் கதவிலும் வந்து நின்றது. டக், டக், டக்.

நான் எழும்பினேன். தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்து விழுத்தினாள். பிறகு தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. நோவு வந்து உடம்பு முறுகுகிறது, மறு கையால் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்திருக்கிறாள், கண் கதவையே பார்க்கிறது. கால்மாட்டில் பாய் நனைந்துகொண்டிருந்தது. இவள் சாகப்போகிறாள், சத்தம் போடாமல் சாகப்போகிறாள் என்று எனக்கு விளங்கியது. வெளியே ஒருவர் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது அவர்களின் மொழி தெரியாது. ஆனால் திரும்பிப் போகிற சப்பாத்துச் சத்தத்துக்கு மொழி வேண்டாம்.

நான் அவளுடைய கையைக் கடித்தேன். நல்லாகவே கடித்தேன். கை விலகியதும், ஜெர்மன் வகுப்பில் வரவு சொல்ல எங்களுக்குப் பழக்கியிருந்த ஒரே சொல்லைக் கத்தினேன். "ஹியர்! ஹியர்! ஹியர்!"

அந்த வீட்டில் பொலிஸ் நிற்கும்போது எழுந்த முதல் சத்தம் அதுதான். ஓடி வந்தவர்களில், அம்புலன்சோடு வந்த இந்த ஊர் மருத்துவிச்சியும் இருந்தா. நரைத்த தலை, ஆம்பிளைச் சப்பாத்து. அவ என்னைத் தள்ளிவிட்டுத் தங்கச்சியின் பக்கத்தில் முழங்காலில் இருந்தா. கதவடியில் ஒரு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பெட்டைப் பிள்ளை. ஆனால் யாராவது கதவைத் தட்டினால் அந்தக் குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிடும். காது பழுதோ என்று டாக்டரிடம் கொண்டுபோனார்கள். காது நல்ல காது என்றார் அவர்.

பனி உருகத் தொடங்கிய நேரம் நகரசபையில் கூட்டம் நடந்தது. எங்கள் பாதுகாப்புக்கென்று இன்னொரு பொலிஸ் காரும், முற்றத்துக்குப் பெரிய விளக்குகளும் வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். ஹனோவரில் படித்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். மருத்துவிச்சி எழும்பிக் காரசாரமாகப் பேசினா.

"அக்கா, அந்த பட்ஜெட்ட அப்படியே மாத்தணும்ங்கிறாங்க" என்றார் தம்பி. "கார், லைட் எதுவும் வேணாமாம். வீட்டுக்குள்ள ஒரு போன், பகல்ல உட்கார ஒரு ஆள், அது போதுமாம். போலீஸ் கூப்பிட்டா மட்டும் வரணுமாம்."

சபையில் சிரித்தார்கள். பாதுகாப்பு என்ன தேநீர்க்கடையா என்று ஒருவர் கேட்டாராம். அப்போது பின்வரிசையிலிருந்து அந்தப் பொலிஸ்காரர் எழும்பினார். தம்பி என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அன்னிக்கு நான்தான் தட்டினேன்ங்கிறார். உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு தெரியும், சமையல் வாசனை வந்துச்சு, ஆனா ஒரு மூச்சு கேக்கலங்கிறார். இந்த வேலையில தான் பயந்தது அன்னிக்கு மட்டும்தானாம். என்னைக் கண்டா ஒரு வீடே செத்துப்போகுதுன்னா, இன்னொரு கார வச்சு நான் என்ன செய்யங்கிறார்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மருத்துவிச்சி கேட்டபடியே ஒரு வருசத்துக்குப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று பணத்தை ஒதுக்கினார்கள்.

பகலில் இருக்கும் ஆளாக வந்த மருத்துவிச்சிக்குக் கிடைத்தது கீழ்மாடியில் மூலை அறை. அது முன்பு பிணம் வைத்த அறை என்று எங்களுக்குள் கதை. அவ அதற்குப் பூப்போட்ட திரை போட்டு, போனையும் தேநீர்க் கேத்தலையும் வைத்துக்கொண்டு இருந்தா. கல்லெறியும் நின்றது. எறிந்த பெடியளில் பாதிப்பேர் பிறந்ததே அவவின் கையில். ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசினால், மற்றவர்களும் காட்டுக்குள் போய்விடுவார்கள்.

ஆனால் எங்கள் கதவுகள் திறக்கவில்லை. அவ தட்டுவா, நாங்கள் அடங்குவோம். சூடு கண்ட பூனை லேசில் அடுப்பங்கரைக்கு வருமா? ஒருநாள் அவ என்னிடம் கையை விரித்துக்காட்டி, என்னதான் செய்வது என்று கேட்டா. என்னிடம் அப்போது கொஞ்சம் ஜெர்மன் இருந்தது. தட்டாதேங்கோ, கூப்பிடுங்கோ என்றேன். எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் அவ படியடியில் நின்று "வீத்துக்காரர்!" என்பா. முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பிள்ளைக்கு ஒரு வயதானபோது, திரும்பவும் ஒரு பனிப்புகார் நாளில், நான் தங்கச்சியின் அறையில் இருந்தேன். முற்றத்தில் கார் ஒன்று வந்து நின்றது. படியில் சப்பாத்துச் சத்தம். மருத்துவிச்சியின் நடை இல்லை, கனத்த ஆம்பிளை நடை. வீடு பழையபடி அடங்கியது. குழாய்கூட அன்றைக்குத் தட்டவில்லை. பிறகு நடையின் முனையில் ஒரு ஆண்குரல், மெல்ல, சொல்லைத் தவறவிடக்கூடாது என்ற பயத்தோடு, "வீட்டுக்காரர்" என்றது.

படலையில்லாத அந்த நடையில் எங்கள் ஊர்க்குரல். யாரும் அசையவில்லை. தங்கச்சியின் கை பிள்ளையின் வாயை நோக்கிப் போனது. என் பல்லடையாளம் அந்தக் கையில் இன்னும் வெள்ளையாக இருந்தது. அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது.

"ஆர்?" என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் எதிர் அறையிலிருந்து இன்னொருவர் "ஆர்?" என்றார். பிறகு மேலிருந்து, பிறகு கீழிருந்து. கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும், ஊரில் கேட்க முடியாமல் போனதை இங்கே கேட்டார்கள்.

அந்த மனிதர் நடையில் நின்றபடி தன் பெயரைச் சொன்னார். பொலிஸ் என்றும் சொன்னார், ஒளிக்கவில்லை. அன்று தட்டியவர் தான்தான் என்றும், பிள்ளையைப் பார்க்க வந்ததாகவும் சொன்னார். தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அக்கா, நீங்கள் இருங்கோ" என்றாள். "நான் திறக்கிறன்."