அப்பாவின் காலரில் தைத்த டேக்

ரெட்டியார்பாளையத்தில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லாண்டரியில் எனக்கு வேலை. வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் நகத்தளவு டேக் ஒன்று தைத்திருக்கும். அழுக்கு மூட்டை பின்வாசலைத் தாண்டும்போதே எந்தெந்த விரிப்பு வந்தது என்று கம்ப்யூட்டரில் தானாக விழுந்துவிடும். ரத்தக்கறைத் துணியைப் பிரித்துக் கையால் எண்ணியவள் நான். அந்த ஒன்றுக்கே டேக்கைக் கும்பிடலாம்.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட நாட்களில் அவருடைய மத்தியானச் சாப்பாட்டை மில் வாசலுக்கு நான்தான் கொண்டுபோவேன். மறதி முற்றிய பிறகும் மில்லுக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டையை மட்டும் விடவில்லை. துவைத்துப் போட்டால் காயும்வரை கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார். கிழிந்து கழித்த ஒரு விரிப்பிலிருந்து டேக்கைப் பிரித்து, அந்தச் சட்டையின் காலருக்குள் தைத்தேன். இனி எங்கே போனாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்று எனக்கு ஒரே நிம்மதி.

கம்ப்யூட்டரில் உட்காரும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதுல ஏதும்மா பேட்டரி? நம்ம வாசல்ல இருக்கிற மெஷின் ரேடியோ அலை அனுப்புதில்ல, அதுலேர்ந்து துளி பவர் எடுத்துனு தன் நம்பரைச் சொல்லும். அப்புறம் கம்முனு ஆயிடும். உங்கப்பா இங்க வந்து நின்னாத்தான் உண்டு."

சுருக்கென்றது. அக்கா மேல் கோபம், டேக் மேல் அதைவிடக் கோபம். தைத்ததைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். என் சோம்பலுக்கு நான் நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

போன மாதம் ஒரு நாள், பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன். அப்பாவைக் காணவில்லை. போட்டது போட்டபடி முன்வாசல் வழியாக ஓடினேன். விழுப்புரம் சாலையில் கடை கடையாகக் கேட்டேன். முன்பு குடியிருந்த முத்தியால்பேட்டைத் தெருவுக்கும் ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். லாரிகள் ஓயாத சாலை. அவருக்குத் தன் பெயரே தெரியாது. ஒரு வருஷமாக என்னையே "யாரும்மா நீ?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் போகிறவர்களிடம் என்னவென்று சொல்வார்? ஆட்டோவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"இப்பத்தான் லிஸ்ட்டைப் பாத்தேன். கழிச்சிப் போட்ட பெட்ஷீட்டு ஒண்ணு பதினொன்னே முக்காலுக்குத் தனியா நடந்து உள்ள வந்திருக்குது. மூட்டைங்களுக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். உங்கப்பாதான். நல்லா இருக்கார், நீ பதறாம வா."

நான் முன்வாசலில் ஓடியபோதே அவர் பின்வாசலுக்குள் இருந்திருக்கிறார். ஊரெல்லாம் தேடியதை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை மில் என்று நினைத்து நுழைந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏன் பாப்பா இவ்ளோ லேட்டு? எவ்ளோ நேரமா உன்னையே பாத்துனு இருக்கேன்."

என் டிபன் டப்பா மேலே அறையில் பிரிக்காமல் இருந்தது. எடுத்து வருவதற்குள் என்னை மறந்துவிடுவாரோ என்று பயந்து, படியில் ஓட்டமாக ஓடினேன். திரும்பி வந்து மூச்சு வாங்க மூடியைத் திறந்தேன்.

"நீ சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டார்.