அப்பாவின் இடுப்பும் காரின் ரப்பரும்

உடப்பிலிருந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எங்கெங்கே குழி என்று எந்த எஞ்சினியருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். புற்றுநோய் அவருடைய முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. கார் ஒரு குழியில் விழுந்தால் போதும், இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் தீப்பிடித்ததுபோல் துடிப்பார். "நாசமாப் போவானே, கொல்லப் பாக்கிறியா!" என்று தொடங்கி, என்னைப் பெற்ற நாள் வரைக்கும் இழுத்து ஏசுவார். ஒருநாள் திரும்பி வந்து இறங்கும்போது கதவைப் பிடித்தபடி சொல்லிவிட்டார்: "இனி இந்தக் கார்ல ஏறமாட்டன். செத்தா வீட்டுல கிடந்து சாகிறன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிற நிலையில்தான் அப்போது இருந்தார். கிளினிக்கை விட்டால் அந்த நாலடியும் போய்விடும் என்று டொக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வேறு வாகனம் பிடித்துப் போகலாம் என்றால், "நான் மீன் பிடிச்ச வள்ளத்த வித்து வாங்கின கார் இருக்க, ஊரான் வண்டியில நான் ஏன் போகணும்?" என்பார். அந்தக் காரில் ஏறவும் மாட்டார், வேறெதிலும் ஏறவும் மாட்டார். மனுஷனோடு மாரடிக்கவே சரியாக இருந்தது.

பக்கத்து ஊரான முந்தலில் கராஜ் வைத்திருந்தவர் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். குழியின் அதிர்ச்சியை வாங்குகிற ஷொக் இரண்டும் எண்ணெய் கக்கியிருந்தன. உப்புக் காற்றில் எல்லாம் செத்துப்போச்சு, இதைத் திருத்துவதைவிட மாட்டு வண்டில் வாங்கலாம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே செய்கிறேன் என்று திரும்பிவிட்டேன். நான் புடவைக் கடையில் துணி வெட்டுகிறவன்.

அப்பாவுக்கு நல்ல தீனி கிடைத்தது. என்னை முதல்முதலில் கடலுக்குக் கூட்டிப்போன அன்று குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவன் நான். அவர் அதை மறந்ததே இல்லை. வாசலில் கதிரை போடச் சொல்லி, தலையணை வைத்து உட்கார்ந்து, நான் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் போல்ட் கழற்றுவதை வேடிக்கை பார்த்தார். துரு பிடித்த போல்ட் அசையவே மாட்டேன் என்றது. டீசல் ஊற்றினேன், சுத்தியலால் அடித்தேன், விரல் நகம் பெயர்ந்தது. "சீலை கிழிக்கிற கைக்கு அது வராதுடா," என்றார். காரை ஜக்கில் ஏற்றி நான் அடியில் நுழைந்தபோது, "விழுந்தாச் சத்தம் போடு, நாலு பேரக் கூப்பிடுறன். உன்னத் தூக்க இல்ல, காரத் தூக்க," என்றார். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

புது ஷொக் மாட்டியது சரியாக வந்தது, ரப்பரில்தான் முதல் தடவை கெடுத்துவிட்டேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும். குழியின் அடியை வாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நான் போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். காரை இறக்கியதும் பாரத்தில் ரப்பர் முறுகிப்போய், கொஞ்ச நாளிலேயே கிழிந்தது. கார் முன்னைவிட மோசமாக முனகியது. அப்பா சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்று தெரிந்தும், வலியில் முகம் கோண, நிறுத்தாமல் சிரித்தார். அந்த நேரம் அவர்மேல் எனக்கு இரக்கம் என்று ஒன்று இருக்கவில்லை.

மறுபடி புது ரப்பர் வாங்கினேன். இந்த முறை நாலு சக்கரத்தையும் தென்னங்குற்றிகளில் நிறுத்தி, காரின் பாரம் முழுக்கச் சக்கரங்களில் இருக்கும்போது மண்ணில் ஊர்ந்து போய் இறுக்கினேன். திங்கட்கிழமை, ஓட்டிப் பார்க்க என்று, அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தேன். ஏசினார், ஆனால் ஏறினார். வழக்கமாக அவர் உயிர் போகிற மாதிரிக் கத்துகிற இடமான உடைந்த மதகுப் பாலம் வந்தது. வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். கார் இறங்கி ஏறியது. அப்பா வாயே திறக்கவில்லை.

"எப்பிடி அப்பா?" என்றேன்.

"ம்," என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரும்ப அதே மதகால் வந்தேன். அப்போதும் சத்தமில்லை. ஊரில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கடையில் துணி வெட்டிக்கொண்டே சொன்னேன். அந்த இரண்டு மூன்று நாளும் அப்பா கட்டிலைவிட்டு எழும்பவில்லை. களைப்பு என்றார். ஏசவும் இல்லை. என் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை கிளினிக். அன்றும் தூக்கித்தான் காரில் வைத்தேன்; போகிற வழி முழுக்கச் சத்தமில்லை. டொக்டர் அவருடைய சாரத்தைத் தொடை வரை உயர்த்தி, உள்ளங்காலில் ஒரு ஊசியால் குத்தினார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தொடையில் குத்தினார். ஒரு அசைவும் இல்லை. சிறு துளி ரத்தம் வந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?"

"திங்கக்கிழம," என்றார் அப்பா. "கார் மதகுல இறங்கேக்கயே காலில ஒண்டும் தெரியேல்ல."

முதுகெலும்புக்குள் கட்டி அமுக்கி நரம்பு நசிந்துபோய்விட்டது, அன்றைக்கே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இனி நடக்கிறது கஷ்டம் என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். வார்டில் கட்டில் பார்க்கும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஏனப்பா சொல்லேல்ல? வாய் இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிறந்ததுக்கு ஒரு வேலைய ஒழுங்காச் செய்திட்டாய் எண்டு பல்லக் காட்டிக்கொண்டு நிண்டாய்," என்றார். "எப்பிடியடா சொல்றது?"

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. வாழ்நாள் முழுக்க என்னை ஏசிய வாய்க்கு, அந்த மதகில் மட்டும் ஏச மனம் வரவில்லை.