கெட்டில் கொதிக்கும் வரை வாசிக்க

இங்கிலாந்தில் கழிப்பறைக்குள் புத்தகம் வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஹெலன் என்னைத் தேநீருக்கு அழைத்தபோதுதான் அதைக் கண்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு சிறு தட்டு. அதில் பகிடிகளின் திரட்டு, பூனைகளைப் பற்றிய கவிதைகள், பயணத் துணுக்குகள், குட்டிக் கதைகள். எல்லாமே தொகுப்புகள். எழுத்துள்ள கடுதாசித் துண்டு நிலத்தில் கிடந்தாலும் எடுத்து உயரத்தில் வைத்துவிட்டு நடக்கிற, இலங்கையின் கல்முனைப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். எனக்கு உடம்பு கூசியது. ஏன் அங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஹெலனிடம் கேட்டேன். அவை 'டிப்' பண்ணுகிற புத்தகங்கள் என்றாள். தேநீரில் பிஸ்கட்டைத் தோய்ப்பதைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து, எனக்கு முன்னால் இருந்த பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றேன். எங்கேயாவது திறந்து, கொஞ்சம் வாசித்து, மூடிவிடுவதற்குத்தான் அந்தச் சொல் என்று விளங்கப் பல மாதம் எடுத்தது.

விளங்கிய பிறகும் எனக்கு அந்தப் புத்தகங்களைப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து தின்னும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் அந்தச் சஹனில் உள்ளவர்களோடு இருந்து தின்று எழும்ப வேண்டும். இப்படி வாசிக்கிறவர்களோ ஒவ்வொரு சஹனிலும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, ஒருவரோடும் உட்காராமல் போகிறவர்கள். எவருடைய துக்கமும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டாது என்ற உறுதிதான் இவர்களை இழுக்கிறது.

ஊரிலும் தொகுப்புகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. என் முதல் கவிதை வந்தது இளைஞர்கள் சிலர் சேர்ந்து போட்ட தொகுப்பொன்றில்தான். என் மூத்த சகோதரர் றிஸ்வி காக்கா அதைச் சாய்ந்தமருதிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற படகில் கொண்டுபோய் வாசித்தார். முழு நாவல் என்றால் வலை இழுக்கக் கூப்பிடும்போது கதை விட்டுப்போகும், இது தோதாக இருக்கிறது என்பார். ஆனால் கரைக்கு வந்ததும் ஒவ்வொரு கவிதைக்கும் விசாரணை நடக்கும். இது யார் பிள்ளை, காரைதீவில் எந்தப் பக்கம், இப்படி நொந்து எழுத என்ன நடந்தது? ஒருமுறை பொத்துவிலுக்கு ஒரு வேலையாகப் போனவர், தொகுப்பில் எழுதிய ஒருவரின் வீட்டைத் தேடிப் பிடித்து, அங்கே சோறும் தின்றுவிட்டு வந்தார். அவருக்குத் தொகுப்பு என்பது ஆட்களைத் தேடிப்போகும் வழி.

அந்தக் காக்கா ஒருநாள் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தேடிப்போன படகுகள் வெறுமனே வந்தன. புருஷன் மௌத்தானால் மனைவி சில மாதம் வெள்ளை உடுத்தி வீட்டோடு துக்கம் இருக்கும் இத்தாவை இருக்கச் சொல்லி மதினியை ஊர்ப் பெண்கள் நெருக்கினார்கள். "மையத்தைக் கொண்டாங்க, இருக்கிறன்" என்று மதினி காக்காவின் உடலைக் கேட்டார். பிறகு நிறச் சாரியை உடுத்திக்கொண்டு தையல் மெஷினில் போய் உட்கார்ந்தார். ஊர் வாய்க்கு வந்தபடி கதைத்தது. மதினி இன்றைக்கும் இத்தா இருக்கவில்லை.

ஹெலன் வேலை செய்யும் நூலகம், வெளிநாடுகளிலிருந்து வந்து இந்த நகரத்தில் வாழ்கிறவர்களின் எழுத்தைத் தொகுப்பாகப் போட்டது. அவள் கேட்டதால் நான் இந்தக் கதையை எழுதிக் கொடுத்தேன், மதினியிடம் அனுமதி வாங்கித்தான். அதற்கு எத்தனை இரவுகள் அழுதேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. வெளியீட்டன்று புத்தகத்தைப் பிரித்தேன். என் கதையில் மதினி சமைத்த மீன் ஆணம் இருந்தது. விடியலில் காக்கா படகைத் தள்ளுவது இருந்தது. அதோடு கதை முடிந்திருந்தது. கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கையில் ஒரு முதியவர் வந்து கையைக் குலுக்கினார். நல்ல மனிதர்தான். கெட்டில் கொதிக்கிற நேரத்துக்குள் வாசித்து முடித்துவிட்டேன், அருமை என்றார். பிறகு உண்மையான ஆவலோடு கேட்டார்:

"அன்றைக்கு உங்கள் அண்ணனுக்கு நிறைய மீன் பட்டதா?"

"அவர் திரும்பி வரவில்லை" என்றேன்.

"அது புத்தகத்தில் இல்லையே" என்றார், நான்தான் அவரை ஏமாற்றிவிட்டது போல.

ஹெலனை ஒரு பக்கமாக அழைத்துப்போய்ச் சண்டை பிடித்தேன். இந்த நாட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. களைத்துப்போனவர்கள் படுக்கப் போகும்முன் வாசிக்கிற புத்தகம் இது, எல்லோருடைய எழுத்தையும் குறைத்தோம், விடியலும் கடலும் அழகாக முடிந்தது என்றாள். அழகுக்காக என் காக்காவைக் கடலில் விட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. கடைசியில், மறுபதிப்பில் முழுக் கதையையும் போடுவதாக ஒத்துக்கொண்டாள்.

மதினிக்கு இரண்டு பிரதிகள் அனுப்பியிருந்தேன், வெட்டியதைச் சொல்லவில்லை. அவருடைய மகள் ஹஸ்னா ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்துக் காட்டியிருக்கிறாள். தொலைபேசியில் வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த பதிப்பில் சரிவரும் என்றேன். மதினி மறித்தார்.

"வேணாம் புள்ள. இதுல உன்ட காக்கா கடலுக்குப் போறதோட நிக்கிறாரு. எனக்கு அந்தளவு காணும்."

"அது முழுக் கதை இல்லையே மதினி."

"முழுக் கதை என்ட வீட்ட இருக்கு. புத்தகத்திலயும் என்னத்துக்கு?"

எனக்கு மதினி மீதும் ஆத்திரம் வந்தது. அந்த முதியவரும் ஹெலனும் விரும்பிய அதே விடியலை இவரும் கேட்கிறார். ஆனால் அது அவருடைய புருஷனின் கதை. மாற்ற வேண்டாம் என்று ஹெலனிடம் சொன்னேன். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை இன்னும் மன்னிக்கவில்லை.

போன கிழமை நூலகத்துக்குப் போனேன். அந்தப் புத்தகத்தை 'உள்ளூர் எழுத்தாளர்கள்' தட்டில் வைத்திருந்தார்கள். படம் எடுத்து ஹஸ்னாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவளும் ஒரு படம் அனுப்பினாள். இரண்டாவது பிரதியை மதினி ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே அது 'வெளிநாட்டு நூல்கள்' தட்டில் இருந்தது. இரண்டு தட்டிலும் காக்கா படகைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். மிச்சத்தை வைத்திருக்கும் எனக்குத்தான் இரண்டிலும் இடமில்லை.