கிரேஸ் மேடமும் டேப் விசையும்

கிரேஸ் மேடத்தின் மகள் ஷீலா காலையில் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயேதானுங்க. கஷ்டப்படல." கடைசி சில ஆண்டுகளாக ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாதபடி கை நடுக்கம் அவரை வாட்டியதை அறிந்தவன் நான். அதனால் முதலில் வந்தது நிம்மதி. அழுகை பிறகுதான் வந்தது. அதைச் சொன்னபோது, தனக்கும் அப்படித்தான் என்றாள் ஷீலா.

பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். பம்புகளோடு போகும் விளக்கக் கையேடுகளை எழுதித் தட்டச்சு செய்தவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில் மவுஸ் வைத்த கம்ப்யூட்டர்கள் ஆபீசுக்கு வந்த சமயம், அவர் கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் அழுத்தப் போனால் அம்பு வேறிடத்தில் நிற்கும். ஓர் எழுத்தைத் தொட்டால் நான்கைந்து விழும். இது குறையாது என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் நல்லவர்தான். பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். அங்கே செய்ய வேலையே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டு வந்தார் மேடம்.

அப்போது ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஆசைக்கு லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எதுவானாலும் கட்டளையாகத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். அவர் வந்து நின்று பார்த்தார்.

"ஏனுங்க சார், இதுல அந்த எலி இல்லாமயே வேல ஆகுமுங்களா?"

ஆகும் என்றேன். அதற்கு மேல் எனக்கும் அதிகம் தெரியாது. மேடம் தானாகவே படித்துக்கொண்டார். 'மேன்' என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அதன் விளக்கம் திரையில் வரும். "எங்க ஊட்டு மேன்கிட்டக் கேட்டா பதிலே வராதுங்க. இவரு கேட்டதுக்கு மேலயே சொல்றாரு" என்பார். ஸ்கூட்டரில் அழைத்துப்போக வரும் கணவர் செபாஸ்டின்தான் அதற்கு அதிகம் சிரிப்பார்.

விசை திரும்பத் திரும்ப விழுவதைத் தாமதப்படுத்தும் 'கேபிடிரேட்' என்ற சின்னக் கருவியை அப்படித்தான் கண்டுபிடித்தார். மற்ற கம்ப்யூட்டர்களிலும் இப்படி ஒரு வழி இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியவில்லை. கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதி தானே வந்துவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளை திரும்பி வரும். நீளமான கட்டளைகளுக்கு ஓரெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டார். கையேடுகளையும் மெல்ல அந்தக் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்துவிட்டார். "ஒருக்கா தட்டுனத மறுபடி எதுக்குங்க தட்டோணும்?" என்று கேட்பார்.

ஏற்றுமதிக்குப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பம்பின் மாடல் பெயர் மாறியது. கையேடு முழுக்க மாற்ற வேண்டும். மேனேஜர் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். மேடம் முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தார். பிறகு ஒரு சொல்லை எல்லாக் கோப்புகளிலும் மாற்றிவிடும் 'செட்' கட்டளையை ஒரே வரியில், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி என்டரை அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆகவில்லையா என்றார் மேனேஜர்.

"ஆயிருச்சுங்க சார். ஆச்சுன்னா இது பேசாதுங்க."

பழைய பெயரைத் தேடிக் காட்டினார். ஓரிடத்திலும் இல்லை. மேனேஜர் தானும் நான்கைந்து அத்தியாயங்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "நீங்க இந்த சீட்லயே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார். "இப்பத்தானுங்க மூச்சு வருது" என்றார். ஓய்வு பெறும்வரை அவர் அந்த சீட்டை விடவில்லை.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒன்று உண்டு. ஒருநாள் தேவையில்லாத கோப்புகளை, பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து மொத்தமாக அழிக்கப் போனேன். பக்கத்திலிருந்து அவர் கை வந்து என் மணிக்கட்டில் லேசாகப் பட்டது. "அழிக்கறதுக்கு முன்னால அதே பேரப் போட்டு என்னென்ன வருதுன்னு ஒருக்கா பாத்துப்போடுங்க சார்." பார்த்தேன். அந்த மாதம் முழுக்க நான் செய்த வேலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்றும் எதையாவது அழிக்கும் முன் என் விரல் கொஞ்சம் நின்றுதான் இறங்குகிறது.