ட்ரெய்லர் பிரேக்கும் அம்மாவின் பூசையும்

1. வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா எங்கள் பழைய பிக்கப்பில் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைப் பொருத்தி முடித்தார். பரிசோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.
2. சனிக்கிழமை காலை அம்மா பிக்கப்புக்குப் பூசை செய்தார்.
3. சனிக்கிழமை மத்தியானம் ட்ரெய்லரில் பிரேக் பிடிக்கவில்லை.
4. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹென்டர்சன் பக்கத்திலிருந்து ஒருவர் அந்தப் பிரேக்கைப் பார்க்க வருவதாக இருந்தது.

இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் பழுது எங்கே என்று எவருக்கும் சந்தேகம் வரும். அன்று ஒக்லாந்தின் மனுரேவாப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற எவருக்கும் வரவில்லை.

அப்பா கொழும்பில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஒக்லாந்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு ஒரு குளிர்காலம் போயிருந்தது. ஹென்டர்சன்காரரிடம் மண் தோண்டும் சிறிய இயந்திரங்கள் இருந்தன. அவற்றைக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு இழுத்துப்போக அவருக்கு ஆள் தேவைப்பட்டது. ட்ரெய்லர் அவருடையது, பொருத்திப் பார்க்க எங்கள் வாசலில் விட்டிருந்தார்; பிக்கப் எங்களுடையது. நிபந்தனை ஒன்றுதான்: பிரேக் அவர் கண்முன் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ட்ரெய்லரும் வேலையும் வேறொருவருக்குப் போய்விடும்.

கன்ட்ரோலர் என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஓட்டுபவர் பிரேக்கை மிதித்தால் அது ஒரு நீல வயர் வழியாகப் பின்னுக்கு மின்சாரம் அனுப்பும். ட்ரெய்லர் சக்கரத்துக்குள் இருக்கும் மின்காந்தம் அங்கே பிரேக்கை இயக்கும். அப்பா என் பள்ளிக்கூடத் திசைகாட்டியைச் சக்கரத்தருகே பிடித்தார். மின்சாரம் வந்தால் முள் துள்ள வேண்டும். உதவிக்கு வந்திருந்த சித்தப்பா பிக்கப்பில் ஏறிப் பிரேக்கை மிதித்தார். முள் அசையவே இல்லை.

“அண்ணை, அண்ணி தேங்காய் உடைச்ச சத்தத்திலை பிரேக் பயந்துபோச்சு” என்றார் சித்தப்பா.

அம்மா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, உங்கடை காருக்கும் ஒரு கற்பூரம் காட்டியிருந்தால் அது மோட்டர்வேயிலை நிண்டிருக்காது.”

அப்பா இருவரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீட்டரை எடுத்தார். பெட்டிக்கு மின்சாரம் வந்தது. மிதித்தபோது நீல வயரில் வெளியேயும் போனது. பிக்கப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் பிளக் சரியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே பிளக் வழியாகப் போகும் பின்விளக்குகள் எரிந்தன. ஆகவே பழுது ட்ரெய்லருக்குள் என்று முடிவுசெய்தார்.

அந்த ‘ஆகவே’ சனிக்கிழமையைத் தின்றது. மழையில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து, ட்ரெய்லரின் கீழே மல்லாந்து படுத்து, வயர் இணைப்பு ஒவ்வொன்றையும் வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். எர்த் வயர் பிடித்திருந்த இடத்தில் துருவைச் சுரண்டி வெள்ளியாக்கினார். சித்தப்பா குடை பிடித்தார், பெரும்பாலும் தனக்கு. முள் அசையவில்லை. “நாளைக்கு அந்தாளுக்கு என்ன சொல்லப் போறியள்?” என்று அம்மா கேட்டார். “பிரேக் பிடிக்குது எண்டு சொல்லுவன்” என்றார் அப்பா.

ஞாயிறு காலை அவர் எதையும் நம்பாமல் முதலிலிருந்து தொடங்கினார். பிக்கப்பின் பின்புறம் வரை நீல வயரில் மின்சாரம் இருந்தது. பிளக்குக்கு அந்தப் பக்கம் இல்லை. பிளக்கைக் கழற்றினார். பிக்கப்பில் இருந்த சொக்கட்டின் ஏழு துளைகளில் ஒன்று மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. ஹெட்லைட், சக்கரம், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, பின்னால் இருந்த சின்ன மூடியையும் திறந்து உள்ளே ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அதன் மேலேயே பிளக்கைச் செருகியதில் சந்தனம் உள்ளே போய் இறுகிவிட்டது. விளக்குகளின் துளைகளுக்குச் சந்தனம் கிடைக்கவில்லை.

“அம்மான்ரை சந்தனம்!” என்று கத்தினேன்.

“சத்தம் போடாதை பிள்ளை” என்றார் அப்பா. நெருப்புக்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, மீண்டும் செருகினார். முள் துள்ளியது.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். “என்ன பிழையாம்?”

“வயர் ஒண்டு கழண்டு கிடந்தது.”

எதற்கும் பகிடி விடும் சித்தப்பா, மஞ்சள் படிந்த நெருப்புக்குச்சியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான் பூசை செய்தபடியால்தான் இப்பவே பிடிபட்டது” என்றார் அம்மா. “றோட்டிலை எண்டால் என்ன கெதி?”

“ஓம், ஓம்” என்றார் அப்பா.

பின்னேரம் ஹென்டர்சன்காரர் வந்து அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெருச் சரிவில் போகும்போது ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கன்ட்ரோலரின் சின்னப் பிடியை அவரே கையால் தள்ளினார். ட்ரெய்லர் மட்டும் பிரேக் பிடித்து முழு வண்டியையும் நிறுத்தியது. இறங்கி அப்பாவின் கையைக் குலுக்கினார். அம்மா ஜன்னலில் நின்று கும்பிட்டார்.

எனக்கு அன்று முழுவதும் கோபம். பழுதாக்கியவருக்கே பாராட்டு, கண்டுபிடித்தவர் பொய் சொல்கிறார். எதைக் கண்டுபிடித்தாலும் அதன் உண்மையான காரணத்தை எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். ஆங்கிலம் தெரியாததால் கடைக்குப் போனாலும் விலை கேட்க என்னைக் கூட்டிப் போன அம்மா, அந்த வேலைக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியத்தைச் செய்திருந்தார் என்பதும், அப்பா அதைத்தான் பழுதில்லாமல் காப்பாற்றினார் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

இப்போது பழுதறிக்கை எழுதுவதுதான் என் தொழில். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். பிக்கப்பை விற்றாயிற்று. சந்தன விஷயம் சித்தப்பாவோடு சேர்த்து எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.