ஷிஃப்டு அறிந்த நாய்

என் மனைவி டவுன்ஷிப் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். காலை, மதியம், இரவு என்று அவளுடைய டூட்டி வாரத்துக்கு வாரம் மாறும். நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பொழுதெல்லாம் இருப்பது நானும் ஒரு நாயும்தான்.

நாய் நாங்கள் வளர்க்க எடுத்ததல்ல. பக்கத்துத் தெருவில் இருந்த குடும்பம் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ஒரு மழை நாளில் எங்கள் வராந்தாவில் வந்து படுத்தது. விரட்ட மனம் வரவில்லை. பெயரும் வைக்கவில்லை. என் மனைவி "வாடா" என்று கூப்பிடுவாள், அதுவே பெயர் மாதிரி ஆகிவிட்டது.

அது வந்து சில மாதங்கள் கழித்துத்தான் கவனித்தேன். அவள் டூட்டி முடிந்து வருவதற்குச் சற்று முன்னால் நாய் எழுந்து, சோம்பல் முறித்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருமுனைக்குப் போய்விடும். அங்கே புளியமரத்தடியில், மெயின் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவளுடைய ஸ்கூட்டர் திரும்பியதும் கூடவே ஓடி வரும். காலை ஷிஃப்டு வாரத்தில் மதிய வெயிலில் போய் உட்காரும். இரவு ஷிஃப்டு வாரத்தில் காலையில் பால்காரர் போன பிறகு போகும். எல்லா வாரமும் ஒரே நேரம் என்றால் பழக்கம் என்று விட்டுவிடலாம். வாரா வாரம் மாறும் நேரத்தை ஒரு நாய் எப்படித் தெரிந்துகொள்கிறது?

இதை மதில் மேல் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மைன்ஸில் மண் தோண்டும் ராட்சத எந்திரத்தின் ஆபரேட்டர், பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரர். அவருக்கும் ஷிஃப்டு வேலை என்பதால் பாதி நாள் பகலில் வீட்டில் இருப்பார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

"நாய்க்கு மூக்குதான் சார் கடியாரம்" என்றார். "சிஸ்டர் கெளம்பிப் போனதும் வூட்டுல அவங்க வாசனை கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிகினே வரும். இவ்ளோ கொறஞ்சா வர்ற நேரம்னு அதுக்குத் தெரியும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறு எண்ணம். "ஸ்கூட்டர் சத்தம் அதுக்குத் தூரத்திலேயே கேக்குதுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

என் கணக்கு முதலில் தோற்றது. ஒரு நாள் ஸ்கூட்டர் கிளம்பாமல் மக்கர் செய்ய, என் மனைவி தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் காரில் வந்து இறங்கினாள். நாய் வழக்கம்போல முன்னாலேயே புளியமரத்தடிக்குப் போய்விட்டிருந்தது. கார் நின்றதும் ஓடிப்போய் அவள் மேல் தாவியது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் கணக்கும் நிலைக்கவில்லை. அடுத்த மாதம் காலை ஷிஃப்டு வாரத்தில் ஒரு நாள், தன்னை மாற்றி விட வேண்டிய நர்ஸ் வரவில்லை என்று என் மனைவி போன் செய்தாள். "எனக்கு டபுள் டூட்டிங்க. நைட்டு ஒன்பது ஆயிடும், நீங்க சாப்பிட்டுடுங்க" என்றாள். அன்று மதியம் நாய் நகரவே இல்லை. வராந்தாவில் மல்லாந்து படுத்துத் தூங்கியது. இரவு அவள் வருவதற்குச் சற்று முன்னால்தான் எழுந்து போனது. வாசனை குறைவதுதான் கடிகாரம் என்றால் அது மதியமே போயிருக்க வேண்டும்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, யோசனைதான். அவள் தாமதமாக வருவாள் என்ற செய்தி வந்தது என் போனுக்கு. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அப்படியானால் நாய்க்குச் சொன்னதும் நான்தான். எப்படிச் சொன்னேன்?

மறுநாள் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். "அப்போ நாய் சிஸ்டரைப் பாக்கல சார். உங்களைத்தான் பாத்துகினு இருக்குது."

அதற்குப் பிறகு நான் என்னையே கவனிக்கத் தொடங்கினேன். அவள் வருவதற்கு முன்னால் நான் செய்யும் வேலைகள் சில உண்டு. சோறு வைப்பேன். வெள்ளைப் பலகையைத் துடைப்பேன். கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் பாயைச் சுருட்டுவேன். குளியலறையில் தகர வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பேன். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவள் நேராகக் குளிக்கத்தான் போவாள், வேறு எதையும் தொட மாட்டாள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், முன்னாலேயே பிடித்து ஆற வைக்க வேண்டும். மார்கழியில் பிடித்து, கரண்டில் சூடு பண்ணும் ராடு போட வேண்டும். எந்தக் காலமானாலும் வாளி முன்னாலேயே நிரம்ப வேண்டும்.

இந்த நாலில் எது?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அவளுக்கு வீக்லி ஆஃப் வந்த ஒரு நாள். அவள் படுக்கையறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். குக்கரை அடுப்பில் ஏற்றினேன். நாய் அசையவில்லை. பலகையைத் துடைத்தேன். ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. பாயைச் சுருட்டினேன். ஒன்றுமில்லை. குளியலறைக்குப் போய்த் தகர வாளியை அடியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். தடதடவென்று முதல் தண்ணீர் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது.

"சார்! போவுது சார், போவுது!"

நான் ஓடி வந்து பார்த்தபோது நாய் கேட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. நேரே புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. பரீட்சையில் எவருக்கும் வராத கணக்கு ஒன்று வந்துவிட்ட பிள்ளை மாதிரி இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

என் மனைவி ஜன்னல் வழியாக நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு. இப்போ அது யாருக்காக உக்காந்திருக்கு?" என்றாள்.

நாய் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டர் போகும்போதும் தலை திரும்பியது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தாள். "எங்க போற?" என்றேன். "நான் வர்றேன்னு நீங்க சொல்லிட்டீங்கல்ல, வரணுமே" என்றாள். பின்சந்து வழியாகச் சுற்றி, மெயின் ரோட்டுக்குப் போய், அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். நாய் எழுந்து ஓடியது. ஆனால் வழக்கம்போலத் தாவவில்லை. அவள் கால்களை முகர்ந்தது. சேலை முந்தானையை முகர்ந்தது. பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தது.

மருத்துவமனை வாசனை அவள் மேல் இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து என்ன நினைத்ததோ. ஏமாந்ததாக நினைத்ததா, அல்லது வந்தாளே போதும் என்று விட்டுவிட்டதா? அதைச் சோதிக்க எந்த வழியும் எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி அன்று அதற்கு இரண்டு முட்டை அவித்துப் போட்டாள்.

ஒரு குரங்கின் மேல் எங்கள் கவனம் போனது இதற்குப் பிறகுதான். எங்கள் கொல்லையில் ஒரு பலாமரம் உண்டு. காய்க்கும் காலத்தில் ஒரு குரங்குக் கூட்டம் பிளாக் பிளாக்காக நகர்ந்து வந்து அங்கே தங்கும். அதில் பாதி வால் இல்லாத ஒரு பெண் குரங்கு. நாய் இருக்கும்வரை கொல்லையில் இறங்காது. நாய் தெருமுனைக்குப் போனதும் சமையலறை ஜன்னல் வழியாகக் கை விட்டு, ரொட்டியோ வாழைப்பழமோ அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஏறிவிடும். அது மரத்தில் உட்கார்ந்து தின்று உதிர்ப்பதைப் பொறுக்கக் காக்கைகள் கீழே முன்கூட்டியே வந்து காத்திருக்கும். முதலில் இதை நாங்கள் தற்செயல் என்றுதான் நினைத்தோம். நாளாக ஆகத்தான் வரிசை புரிந்தது. நான் வாளி பிடிப்பதை நாய் கவனிக்கிறது. நாய் போவதைக் குரங்கு கவனிக்கிறது. குரங்கு இறங்குவதைக் காக்கை கவனிக்கிறது. என் மனைவிக்காகப் பிடித்த ஒரு வாளித் தண்ணீர் மூன்று ஜாதி ஜீவன்களுக்குச் செய்தியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அதுவும் வாளிச் சத்தத்தைத்தான் கேக்குதோ என்னவோ சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பாத்துடலாமா?"

பார்த்தோம். இந்த முறை அவள் உண்மையிலேயே டூட்டியிலிருந்து வரும் நாள். நாயிடம் மறுபடி பொய் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. நாயைக் கூடத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் மேடையில் ஒரு சீப்புப் பழம் வைத்தேன். வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். கூடத்துக்குள் நாய் முனகியது, கதவைப் பிராண்டியது, பிறகு அடங்கியது.

பாதி வால் குரங்கு இறங்கவில்லை. வாளிச் சத்தம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மதில் மேல் வந்து உட்கார்ந்தது. தெருமுனையைப் பார்த்தது. நாய் இல்லை. வராந்தாவைப் பார்த்தது. அங்கேயும் இல்லை. ஜன்னலில் பழம் மஞ்சளாகத் தெரிகிறது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறங்கிவிடும் என்றுதான் நான் நினைத்தேன்.

அது மதில் மேலிருந்த பழைய தகரத்தைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தது. அடித்துவிட்டு அப்படியே நின்று கேட்டது. உள்ளேயிருந்து நாய் குரைத்தது. அவ்வளவுதான். பழத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரத்தில் ஏறிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நம்மளைச் சோதிச்சுட்டுப் போவுது சார்."

குரங்கு போட்ட கணக்கை நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அங்கே இல்லை, இங்கே இல்லை, அப்படியானால் எங்கேயோ இருக்கிறது. இந்தப் படியைத் தாண்ட என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் திணறுவார்கள். குரங்கு சும்மா எரிச்சலில் தகரத்தைத் தட்டியிருக்கலாம், நாய் குரைத்தது அதன் அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை நடந்ததை வைத்துத் தேற்றம் எழுத முடியாதுதான். மறுபடி செய்து பார்க்க ஆசைப்பட்டோம். ஆனால் பலா சீசன் முடிந்து கூட்டம் வேறு பிளாக்குக்கு நகர்ந்துவிட்டது.

என் மனைவி வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கவலை வேறு மாதிரி. "நாயை உள்ள வச்சிப் பூட்டினீங்களா? நான் முனை திரும்பும்போது அது இல்லாம எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சுங்க. ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டூட்டி முடிந்து வரும் வழியெல்லாம் அவளும் அந்தப் புளியமரத்தடியை எதிர்பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

அந்த மழைக்காலத்தில் தகர வாளியின் அடி துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. அவள் பஜாரிலிருந்து நீல பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கி வந்தாள். வீடு துடைக்க வைத்திருக்கும் வாளியும் பிளாஸ்டிக்தான். இரண்டிலும் தண்ணீர் விழும் சத்தம் ஒன்றுதான். முதல் நாள் நான் வாளி பிடித்தேன், நாய் எழவில்லை. ஸ்கூட்டர் கேட்டுக்கே வந்து நின்ற பிறகுதான் பதறியடித்து எழுந்தது. அவளைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு படியில் நின்ற என்னைப் பார்த்து இரண்டு தரம் குரைத்தது. அதுவரை அது என்னைப் பார்த்துக் குரைத்ததே இல்லை.

"'நீ ஏன் சொல்லல'ன்னு உங்களைத் திட்டுது" என்று சிரித்தாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அப்படியே தவறவிட்டது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் திரும்பிப் பார்க்கிறேன், வராந்தாவில் நாயைக் காணோம். முனையில் உட்கார்ந்திருந்தது. அன்று நான் வாளியே இன்னும் பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் அவள் வந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இப்போது அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், நான் கடிகாரத்தை அடிக்கடி பார்க்கிறேன் என்கிறார். மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறேனாம், அதுவாகவும் இருக்கலாமாம். "இன்னொரு தரம் சோதிச்சுப் பாக்கலாம் சார்" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் மனைவி சம்மதிக்கவில்லை. நேற்று மதியம் நான் பலகையில் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன். நாய் வராந்தா வாசலில் முன்கால்கள் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் "சார், மீதி?" என்று கேட்ட பிறகுதான் நான் பலகைப் பக்கம் திரும்பினேன்.