வாத்தியாருக்காக நிறுத்திய பஸ்

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல் புகார் கொடுக்கப் போனவரை, என்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்து, காக்கிச் சட்டைக்கு எல்லாப் பித்தானும் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, முதலாளி அறை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றவன் நான்.

அப்போது செங்கல்பட்டு–மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். காலை டிரிப்பில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வாத்தியார் ஏறுவார். மகாபலிபுரத்தில் பள்ளிக்கூடம். பஸ் கிளம்பும் நேரத்தில்தான் தெருமுனையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். அடுத்த பஸ் மத்தியானம்தான். பாவமாக இருக்கும். விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நிற்பேன்.

"இன்னா அண்ணாத்த, மாப்ள அழைப்பா நடக்குது? ரைட் குடு!" என்று டிரைவர் பாஷா பாய் கத்துவார்.

தினமும் லேட் ஏன் என்று ஹெட்மாஸ்டர் வாத்தியாரைக் கேட்டிருக்கிறார். கண்டக்டர் இஷ்டத்துக்கு பஸ்ஸை நிறுத்துகிறான் என்று இவர் தப்பித்துக்கொண்டார். அதோடு விடாமல் செங்கல்பட்டுக்கே வந்து முதலாளியிடமும் சொன்னார். நான் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

"யோவ், பஸ்ஸு இன்னா உங்கப்பன் வூட்டு மாட்டு வண்டியா? நெனச்ச எடத்துல நிறுத்திகினு கீற!" என்றார் முதலாளி.

இவருக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாத்தியார் ஜன்னல் வழியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்ட பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

லைனிலிருந்து தூக்கி ஷெட்டில் பஸ் கழுவப் போட்டார்கள். அங்கே தினப்படிக் காசு கிடையாது. வீட்டில் சோறு கஞ்சியானது. மனைவி கஞ்சியில் உப்பை மட்டும் கூட்டினாள்.

ஒரு லீவு நாளில், வாத்தியாருக்குக் கால் சுளுக்காவது கொடு என்று திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரரிடம் முறையிட மலை ஏறினேன். பாதி மலையில் எனக்குச் சுளுக்கியது. நொண்டிக்கொண்டு மேலே போனபோது கோயில் பண்டாரம் இரண்டு கழுகுகளுக்குச் சோறு வைக்கும் நேரம். இரண்டும் வந்தன, பண்டாரம் நீட்டியதைத் தின்றன, மூக்கைப் பாறையில் துடைத்துவிட்டுப் பறந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட பறவைகள் என்று யாரும் திட்டவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பண்டாரம் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். நாளைக்கும் வைப்பார். சுளுக்கு வேண்டுதலைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

பிறகு ஆள் பற்றாமல் என்னை மறுபடி லைனில் போட்டார்கள். "இன்னொரு தபா பஸ்ஸு லேட்டாச்சு, காக்கிய குடுத்துட்டு போய்க்கினே இரு" என்றார் முதலாளி.

முதல் நாள் காலை. தெருமுனையில் அதே வேட்டி, அதே ஓட்டம். படியில் நான் நிற்பதைப் பார்த்ததும் வாத்தியார் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். நான் பஸ்ஸை நிறுத்த மாட்டேன் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"வுடு நைனா! மூஞ்சில பொகைய வுட்டுட்டு போலாம்" என்றார் பாய்.

வீட்டுக் கஞ்சி ஞாபகம் வந்தது. ஈஸ்வரா, நீ பார்த்துக்கொள் என்று விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாங்க என்று கையை ஆட்டினேன். வந்து ஏறினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கும் லேட்டுதானா?" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நன்றி கிடைக்கும் என்று பஸ்ஸை நிறுத்தாதீர்கள். ஓடிவருகிறவனுக்காக நிறுத்துங்கள். மிச்சம் மேலே இருக்கிறவன் கணக்கு.

அன்றைக்கே மகாபலிபுரம் டீக்கடையில் இதையே பாயிடமும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மேல கீறவன் பாத்துக்குவான், அதுல எனக்கும் சந்தேகம் இல்ல. மொதலாளி பாத்துக்க மாட்டாரு. காக்கிய இன்னிக்கே தொவச்சி வெச்சிடு. அழுக்கா திருப்பிக் குடுத்தா அதுக்கு வேற திட்டுவாரு."